விடியற்காலையில் மீன்கள் செத்தது ஏன்?

கோடையில் ஒரு நாள் காலை குளக்கரைக்குப் போகிறீர்கள். முந்திய நாள் மாலை வரை துள்ளித் திரிந்த மீன்கள் வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கின்றன. கரையெங்கும் நாற்றம். கூடி நிற்பவர்கள், "எவனோ விஷத்தைக் கலந்துவிட்டான்" என்கிறார்கள். நம் ஊர்களில் பலரும் பார்த்திருக்கும் காட்சிதான் இது. 2016 மார்ச் மாதம் பெங்களூர் நகரின் நடுவே உள்ள அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் இப்படிச் செத்துக் கரை ஒதுங்கின.

விஷம் கலந்திருக்கலாம், இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு துப்பறிபவரைப் போல இரண்டு தடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நேரம். இத்தகைய சாவுகள் பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோதான் நேரிடுகின்றன. விஷம் நேரம் பார்த்தா கொல்லும்? இரண்டாவது, பிழைத்தவை. கெண்டையும் கட்லாவும் செத்துக் கிடக்கும் அதே குளத்தில் விரால் மீன் உயிரோடு இருக்கும். விரால் அவ்வப்போது மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிச் சுவாசிக்க வல்லது. கெண்டைக்கு அந்த வசதி இல்லை. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை, அதாவது ஆக்சிஜனை, செவுள்களால் பிரித்தெடுத்துத்தான் அது வாழ வேண்டும்.

இரண்டு தடயங்களையும் சேர்த்துப் பாருங்கள். மீன்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன. நீருக்குள் இருந்த ஆக்சிஜனை இரவோடு இரவாக யாரோ காலி செய்துவிட்டார்கள். யார் அது?

பகலில் கொடுக்கும், இரவில் எடுக்கும்

குளத்து நீர் பச்சைப் பட்டாணியை அரைத்துக் கரைத்தாற்போல இருக்கிறதா? அப்படியானால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்று பொருள். பாசி பச்சையம் உள்ள உயிர். வெயில் இருக்கும்வரை அது கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் குளத்து நீரைச் சோதித்தால் ஆக்சிஜன் அளவுக்கு மீறியே இருக்கும். சூரியன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. ஆனால் சுவாசம் நிற்பதில்லை, பாசியும் உயிர்தானே! இரவு முழுவதும் பாசி, மீன், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து இருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. கையிருப்பு மிகவும் குறைந்துபோகும் நேரம் விடியற்காலை. அந்த வேளையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

இன்னும் மோசமான கட்டமும் உண்டு. அளவுக்கு மீறிப் பெருகிய பாசி ஒரு நாள் சாகும். செத்த பாசி அடியில் படிந்து அழுகும். அதை அழுகவைக்கும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரிலோ ஆக்சிஜன் அதிகம் கரைவதில்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். கோடையில் மீன்கள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, குற்றவாளி பாசி. இத்துடன் வழக்கை முடித்துவிடலாமா? முடியாது. பாசி எல்லாக் குளத்திலும் ஓரளவு இருப்பதுதான். அது இல்லாவிட்டால் மீனுக்கு இரையே இல்லை. ஒரு குளத்தில் மட்டும் அது ஏன் இப்படிக் கட்டுக்கடங்காமல் பெருக வேண்டும்?

உளுந்து தீர்ந்தால் இட்லி இல்லை

வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கிறது. உளுந்து ஒரு படிதான். எத்தனை இட்லி சுடலாம் என்பதை எது முடிவு செய்யும்? உளுந்துதானே! பாசியின் வளர்ச்சியும் இப்படித்தான். அதற்குக் கார்பன் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். நுண்பாசியின் உடலில் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் இருக்கின்றன. கார்பன் காற்றிலிருந்தே கிடைத்துவிடும். பாசியைப் போலவே வாழும் நீலப்பச்சை உயிர்களில் சில, காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும். (இவற்றை நீலப்பச்சைப் பாசி என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இவை பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை.) பாஸ்பரஸ் மட்டும் காற்றில் இல்லை. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கழிவிலிருந்தும்தான் அது நீருக்கு வந்து சேர வேண்டும். எனவே பெரும்பாலான குளம் ஏரிகளில் பாஸ்பரஸ்தான் உளுந்து.

இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1960-களில் கனடா, அமெரிக்க நாடுகளின் எல்லையிலுள்ள ஈரி என்னும் மாபெரும் ஏரியில் பாசி மண்டியது. துணி துவைக்கும் தூள்களிலுள்ள பாஸ்பேட்தான் காரணம் என்று அறிவியலறிஞர் பலர் கூறினர். தூள் தயாரித்தவர்களோ அதை மறுத்தனர். கார்பன்தான் காரணம் என்றனர். கண்ணாடிக் குடுவையில் செய்த சோதனைகளால் இந்த வாதம் தீரவில்லை. குடுவை வேறு, ஏரி வேறு அல்லவா?

ஆகவே ஓர் ஏரியையே குடுவையாக்கினார்கள். கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில் சிறு ஏரிகள் நிறைந்த காட்டுப்பகுதி ஒன்றை 1968-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சிக்கென ஒதுக்கியிருந்தார்கள். அங்கே 226 என்ற எண்ணுள்ள ஏரி, இடை குறுகி உடுக்கை போல இருக்கும். 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் அந்த இடுப்பில் நைலான் இழை சேர்த்த பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தனர். கார்பனைச் சர்க்கரையாகவே கொட்டினார்கள்! மறு பாதியில் இவ்விரண்டோடு பாஸ்பரஸும் சேர்த்தனர். சில வாரங்கள் சென்றன. செப்டம்பரில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ஏரியின் ஒரு பாதி கருநீலமாகத் தெளிந்து கிடந்தது. பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைச் சாயம் கொட்டியது போலிருந்தது. நடுவே ஒரு கோடு. ஆயிரம் பக்க அறிக்கை செய்ய முடியாததை அந்த ஒரு படம் செய்தது.

கனடா அரசு துவைக்கும் தூளில் பாஸ்பேட்டுக்கு 1970-லேயே வரம்பு விதித்திருந்தது. 1973-ல் அதை மேலும் இறுக்கியது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியத்தில், ஒரு தடவை துவைப்பதற்கான தூளில் பாஸ்பரஸ் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2013 முதல் நடப்பில் உள்ளது. தண்ணீர் ஆராய்ச்சிக்கான ஸ்டாக்ஹோம் பரிசு 1991-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் ஷிண்ட்லர்.

ஒரு சிறு கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். மேலே சொன்ன அணு விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், 31 கிராம் பாஸ்பரஸிலிருந்து சுமார் 3,550 கிராம் உலர்ந்த பாசி உண்டாகலாம். அதாவது 1 கிராம் பாஸ்பரஸுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல். ஈரப் பாசியின் எடை இதைப்போல் பல மடங்கு. அந்தப் பாசி செத்து முழுவதும் அழுக வேண்டுமானால் சுமார் 140 கிராம் ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் நீரில் இருப்பது 7.5 மில்லிகிராம். 140 கிராமை 7.5 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள்.

18,000 லிட்டருக்கு மேல் வருகிறதா? 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஒன்றரை! குளத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் அழுகுவதில்லை. காற்றிலிருந்து புது ஆக்சிஜனும் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு கிராம் பாஸ்பரஸ் விழுந்தவுடன் அவ்வளவு நீரும் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு சிறிய பொருள் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பது புரிகிறதல்லவா?

அந்த ஒரு கிராம் எங்கே இருக்கிறது? டி.ஏ.பி. உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஆகவே ரோஜாச் செடிக்குப் போடும் ஒரு தேக்கரண்டி டி.ஏ.பி.யில், அதாவது 5 கிராமில், 1 கிராம் இருக்கிறது. துவைக்கும் தூளில் சேர்க்கப்படும் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்டில் நாலில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு தூளில் அது நூற்றுக்குப் பத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் தூளில் ஒன்றேகால் கிராம். வளர்ந்த மனிதர் ஒருவரின் கழிவில் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி சிறுநீரில்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் கழிவறைதான் முதலிடம் பெறுகிறது என்பதைக் கவனித்தீர்களா? சோப்புத் தூளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நல்லவர்களாக இருந்துவிட முடியாது.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

ஒரு விடுமுறை நாளில் உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். நகரங்களில் பாதாளச் சாக்கடை இருந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகலாம். மற்ற இடங்களில் வீட்டு வாய்க்கால் தெரு வாய்க்காலில் சேரும். தெரு வாய்க்கால் மழைநீர்க் கால்வாயில் சேரும். அது ஏரிக்கோ குளத்துக்கோ போகும் பழைய வரத்துக் கால்வாயாகவே பெரும்பாலும் இருக்கும். மழைநீரைக் கொண்டுவர முன்னோர் வெட்டிய வழியில் நம் குளியல் நீர் போகிறது.

கழிவறையில் தொடங்குவோம். செப்டிக் டேங்க் என்னும் கழிவுத் தொட்டியில் திடப்பொருள் அடியில் தங்கும். தெளிந்தது போலத் தோன்றும் நீர் வெளியேறும். அந்த நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவை பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். மண் நமக்காக இலவசமாகச் செய்யும் வேலை இது. ஆனால் பல வீடுகளில் அந்தக் குழாயைச் சத்தமில்லாமல் தெரு வாய்க்காலில் இணைத்துவிடுகிறார்கள். தொட்டியை நிறைய நிறைய எடுப்பிக்காமல் விட்டாலும் கசடே வெளியே வரத் தொடங்கும். நம் வீட்டுக் குழாய் எதில் முடிகிறது என்று பெரியவர்களைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு காரியம் மட்டும் செய்யலாம் என்றால், இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அடுத்து துவைக்கும் கல். தூளில் பாஸ்பேட் ஏன் சேர்க்கிறார்கள்? உப்புநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அழுக்கு நீக்கும் பொருளைப் பயனற்றதாக்கிவிடும். பாஸ்பேட் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதே வேலையைச் சலவைச் சோடா, சியோலைட், சிட்ரேட் போன்றவையும் செய்யும். பாஸ்பேட் இல்லாத தூள்களும் கடையில் கிடைக்கின்றன; உறையைத் திருப்பிப் படியுங்கள். எதுவாயினும் அளந்து போடுங்கள். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது தவறான எண்ணம். எங்கள் வீட்டில் வெகு காலம் கையளவுதான் அளவு. கரண்டி வைத்து அளந்தபோது அதில் பாதியே போதும் என்று தெரிந்தது.

நுரைக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015-ல் காற்றில் பறந்து சாலையில் போனவர்கள் மேல் விழுந்த செய்தி நாடெங்கும் பரவியது. அந்த நுரையை எழுப்புபவை அழுக்கு நீக்கும் பொருள்கள். பாஸ்பேட் தானாக நுரைக்காது. ஆகவே நுரை இல்லாத கால்வாயெல்லாம் சுத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள்.

"அப்படியானால் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் போட்டுக் குளத்திலேயே துவைக்கலாமே" என்று ஒருவர் கேட்கக்கூடும். வேண்டாம். அவற்றில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் மீனின் செவுளைக் கெடுக்கும். இயற்கையானது என்பதற்காக ஒன்று எல்லா உயிருக்கும் இதமானதாகிவிடாது. எதைப் போட்டுத் துவைத்தாலும் குளத்திலிருந்து நீரை மொண்டு வந்து, கரையைத் தாண்டிய இடத்தில் துவைத்து, அழுக்கு நீரை மண்ணில் விடுவதே நல்லது.

குளித்த நீரையும் துணி அலசிய கடைசி நீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் பாய்ச்சலாம். முதல் சோப்பு நீரை, அதிலும் சலவைச் சோடா கலந்ததை, ஒரே செடிக்கு நாள்தோறும் விடாதீர்கள். சோடியம் சேர்ந்தால் களிமண் இறுகி நீர் இறங்காது. பச்சையாக உண்ணும் கீரைக்கும் இந்த நீர் ஆகாது. தேங்கி நின்றால் கொசு வரும் என்பதை நான் சொல்லவா வேண்டும்?

அடுக்களையில் சொல்வதற்கு அதிகமில்லை. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்தெடுங்கள். வடித்த கஞ்சியையும் அரிசி கழுவிய நீரையும் மாட்டுக்கோ செடிக்கோ கொடுங்கள். நம் பாட்டிமார் கழுநீர்ப் பானை வைத்திருந்தது ஒன்றும் கஞ்சத்தனம் அன்று.

தோட்டத்தில்தான் ஒரு புதிர் இருக்கிறது. மண் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்றோம். பிறகு தோட்டத்து உரம் குளத்துக்கு எப்படிப் போகிறது? மண்ணோடு சேர்ந்தே போகிறது! மழைநீர் செம்மண் நிறமாக ஓடுகிறதே, அந்த ஒவ்வொரு மண் துகளும் பாஸ்பரஸைச் சுமந்துகொண்டு போகிறது. ஆகவே வெற்றுத் தரைதான் ஓட்டை. சருகாலும் வைக்கோலாலும் மூடாக்குப் போடுங்கள்; வாய்க்காலோரம் ஒரு முழ அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கள். மழை வரும்போல் இருக்கும் நாளில் உரமிடாதீர்கள். எருக்குழியை வாய்க்காலை விட்டுத் தள்ளி வையுங்கள். சாணத்திலும் பாஸ்பரஸ் உண்டு. இயற்கை உரமாயிற்றே என்று பாசி அதை ஒதுக்கிவிடாது. சருகைக் கூட்டி வாய்க்காலில் தள்ளும் பழக்கமும் இதே கணக்கில்தான் சேரும்.

காய்ச்சினாலும் போகாதது

மீன் போனால் போகட்டும், நாம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம் என்று சிலர் இருப்பார்கள். நீலப்பச்சை இனங்களில் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. இது கொதிக்க வைத்தால் அழியாது. நீர் ஆவியாகப் போவதால் இன்னும் செறிவாகும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேருக்குக் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். அவர்களுக்கு நீர் தந்தது நாம் முன்பே பார்த்த ஈரி ஏரிதான். துவைக்கும் தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள், கழிவுநீரைச் சுத்திகரித்தார்கள், ஏரி தேறியது. பிறகு வயல்களிலிருந்து வழிந்த உரம் பழைய நோயைத் திரும்பக் கொண்டுவந்தது.

வேறொரு சங்கடமும் உண்டு. வரும் வழியை அடைத்தாலும் குளம் உடனே தெளிவதில்லை. அடிச் சேற்றில் பல ஆண்டுப் பாஸ்பரஸ் இரும்போடு கட்டுண்டு கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்து பாஸ்பரஸ் மறுபடியும் நீருக்கு வருகிறது. இங்கேதான் நம் ஊர்ப் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிப்போய் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். ஏரியை ஆழப்படுத்தியது மட்டுமன்று அது. வயலிலிருந்து தப்பி ஓடிய பாஸ்பரஸைப் பிடித்து மீண்டும் வயலிலேயே சேர்த்ததும் ஆகும். தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியின் வண்டலில் கன உலோகங்கள் இருக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் குளத்து நீரை நிரப்புங்கள். முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் ஒரு சிட்டிகை யூரியா. அது நைட்ரஜன் மட்டும் தரும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை டி.ஏ.பி.; அதில் இரண்டும் உண்டு. வாயை மெல்லிய துணியால் கட்டி, வெளிச்சம் வரும் சன்னலோரம் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். மூன்று வாரம் வரை நாளுக்கு ஒருமுறை நிறத்தைக் குறித்து வாருங்கள். உங்கள் குளத்தில் ஏற்கெனவே பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் இரண்டாம் பாட்டிலும் பச்சையாகும். அப்படியானால் அதுவே ஒரு செய்தி. முடிந்தபின் நீரை மண்ணில் ஊற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குளத்தையே அளக்க இன்னும் எளிய கருவி உண்டு. இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ செக்கி 1865-ல் கடல் நீரின் தெளிவை ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி அளந்தார். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய தட்டு ஒன்றை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். கயிற்றில் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, படித்துறையிலிருந்து நண்பகலில் மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழமே தெளிவின் அளவு. மாதம் ஒருமுறை அதே படியில் நின்று அளந்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். முதல் மழைக்கு முன்பு ஒரு தடவை, மழை ஓய்ந்து சேறு படிந்த பிறகு ஒரு தடவை கட்டாயம் அளக்க வேண்டும்.